ஃபார்ம் கிடக்கட்டும், அந்த ஒரு வரி என்ன?

பொண்ணுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கறதுல சிரமம், எட்டாவதுலயே கண்டுபிடிச்சாச்சு, இப்ப காலேஜ் அப்ளிகேஷன்ல அதைச் சொன்னா ஒதுக்கிடுவாங்களான்னு மூணு பக்கம் எழுதியிருக்கீங்கம்மா. நடுவுல போற போக்குல ஒரு வரி. ராத்திரி முழிச்சுப் படிக்க ஃப்ரெண்டோட மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைப் போட்டுக்கறா, "நான் பொறக்காமலே இருந்திருக்கலாம்"னு சொல்றா. எனக்கு அதைத் தாண்டி கண்ணு போகல.

அந்த மாத்திரை ஏடிஹெச்டிக்கு, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்னைக்குக் கொடுக்கறது, டிஸ்லெக்சியாவுக்கு மருந்தே கிடையாது. தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சுத் துடிப்பையும் பிரஷரையும் ஏத்தும், ஏற்கனவே பதட்டத்துல இருக்கற பொண்ணை இன்னும் பதற வைக்கும். அடுத்தவங்க ப்ரிஸ்கிரிப்ஷனை மிட்டாய் மாதிரி பங்கு போட்டுக்கறதை எப்பதான் நிறுத்துவாங்களோ. அவ சொன்ன வார்த்தையைக் கோவத்துல சொன்னதுன்னு விட்றாதீங்க. "செத்துப் போகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நினைப்பு வந்துடுமோன்னு பயப்பட வேணாம், அப்படி வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாம அன்னிக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, வீட்ல இருக்கற மாத்திரையெல்லாம் பூட்டி வைங்க. இல்லன்னு சொன்னாலும் இந்த வாரத்துக்குள்ள ஒரு மனநல டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

இப்ப ஃபார்ம். அட்மிஷன் பண்றவங்ககிட்ட சொல்றது வேற, சேர்ந்தப்புறம் சலுகை கொடுக்கற ஆபீஸ்ல சொல்றது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறீங்க. ஃபார்ம்ல கட்டாயம்னு இல்லாட்டி எழுதறது அவ இஷ்டம். ஏதோ ஒரு வருஷம் மார்க் சரிஞ்சிருந்து அதுக்குக் காரணம் இதுதான்னா எழுதறது நல்லதுன்னு நான் சொல்வேன். என்ட்ரன்ஸ் எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம் வேணும்னா அதை முன்னாடியே கேட்கணும், ஹால்ல போய் உட்கார்ந்துட்டு கேட்க முடியாது. எட்டாவதுல எடுத்த ரிப்போர்ட் பழசுன்னு நிறைய இடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால இப்பவே மறுபடி டெஸ்டுக்கு நாள் வாங்கிடுங்க.

சேர்ந்தப்புறமும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்துடாதீங்க. என்கிட்ட வந்த ஒரு பையன் அப்படித்தான் யார்கிட்டயும் சொல்லாம இருந்து மொத செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. விடைத்தாளை எடுத்துட்டு வந்தான், முதல் மூணு கேள்விக்கு அடித்தல் திருத்தலோட அருமையான பதில், அதுக்கப்புறம் வெறும் பேப்பர். கேள்வியை மூணு தடவ படிச்சுப் புரிஞ்சுக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்களாம். அவனுக்குத் தெரியாத பாடம் எதுவுமே இல்ல.

நீங்க கேட்ட மத்ததெல்லாம் சட்டுனு. வயசாக ஆக டிஸ்லெக்சியா முத்திடும்னு வீடியோல சொன்னது பொய். கலர் கண்ணாடி, மூளைக்கு பவுடர், ரெண்டும் காசுக்குக் கேடு. புத்தி கம்மியோங்கற பயமும் வேணாம், 1896லயே ஒரு இங்கிலீஷ் டாக்டர் 14 வயசுப் பையன் ஒருத்தனைப் பத்தி எழுதினார், கணக்குல கெட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வரல.

ஃபார்முக்கு இன்னும் மூணு வாரம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. டாக்டரைப் பார்க்க அவ்ளோ நாள் எடுத்துக்காதீங்கம்மா.