காது மூடி ஒன்றுதான் இருக்கிறதா?

கேள்வி: சொந்த ஊர் பொள்ளாச்சி. இப்போது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பக்கம் இருக்கிறேன். நான்கு வருடம் முன்பு எட்டு அங்குலம் வரை வெட்டும் லூகாஸ் மர அறுவை மில் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பண்ணைகளில் காற்றுக்கு விழுந்த மரங்களை அங்கேயே போய் அறுத்துக் கொடுக்கிறேன். தொழில் பரவாயில்லை. பெரிய எஞ்சினோடு பத்து அங்குல மில்லுக்கு மாறலாமா, அல்லது இருக்கிற மில்லிலேயே அகலப் பலகை எடுக்கும் சங்கிலி வாள் இணைப்பைப் போடலாமா என்று யோசனை. மனைவிக்கு இரண்டிலும் இஷ்டமில்லை. கூட வேலை செய்வது அவள் தம்பி, 26 வயது, மூன்று வருடமாக எங்களோடுதான் இருக்கிறான். சாப்பாடு, தங்கல் எல்லாம் எங்கள் பொறுப்பு. நல்ல பையனாக வந்தான், இப்போது திமிர் ஏறிவிட்டது. இரண்டு தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். ஏழு வயது மகள் கூப்பிட்டாலும் அதேதான். ஆனால் ஊருக்குப் பேசினால் மட்டும் ஸ்பீக்கரில் போட்டு வீடே அதிரும். இத்தனைக்கும் கஷ்டமான வேலை என்னுடையது. மில்லோடு வந்த ஒரே காது மூடியை மாட்டிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நின்று ரம்பத்தைத் தள்ளுவது நான். அவன் பலகையை எடுத்து அடுக்கினால் போதும். பெரிய மில் வாங்கிவிட்டால் இவன் தயவில்லாமல் தனியாகவே சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. மில்லைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வேலை செய்வது இரண்டு பேர், காது மூடி ஒன்று. இதை நீங்கள் உங்கள் கஷ்டத்தைச் சொல்வதற்காக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. மூன்று வருடமாக ஒரு பையன் அந்த இரைச்சலில் வெறும் காதோடு நின்றிருக்கிறான். இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. குழந்தை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச முடிகிறது. எல்லாவற்றையும் நீங்களே வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஐயா, அவனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த மில்லைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அறுவை மில்லில் மரத்தை லாரியில் ஏற்றி ரம்பத்திடம் கொண்டுபோவோம். இது மரம் விழுந்த இடத்துக்கே போகிற மில். மரம் தரையில் கிடந்தபடி கிடக்கும், அதன் மேல் சட்டத்தையும் தண்டவாளத்தையும் நிறுத்துவார்கள். வட்ட ரம்பம் ஒன்றே ஒன்று. அதைப் படுக்கையாக வைத்து ஒரு வெட்டு, 90 டிகிரி நிமிர்த்தி ஒரு வெட்டு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் சதுரம் பிடித்த பலகை கழன்று வரும். விக்டோரியாவின் பீச்வொர்த்தில் லூகாஸ்காரர்கள் செய்கிறார்கள், நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் பீட்டர்சன்காரர்கள் செய்கிறார்கள். பாதை சரியில்லாத காட்டிலும் மலையிலும் இதற்கு இணை கிடையாது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் ரம்பத்தோடு சேர்ந்தே ஓடும். தடுக்கச் சுவரில்லை, கூரையில்லை. இரண்டடி தள்ளி ஒருவர் தள்ளிக்கொண்டு நடப்பார், கழன்று வரும் பலகையை இன்னொருவர் பிடிப்பார்.

‘அவன் எடுத்து அடுக்கினால் போதும்’ என்கிறீர்களே, அந்த ஆள் எங்கே நிற்கிறான்? ரம்பம் அவனை நோக்கி வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற நான்கைந்து மீட்டரில் இரைச்சல் ஒன்றும் கரைந்துவிடாது.

ஆஸ்திரேலியாவில் வேலையிடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் கணக்கு. பெட்ரோல் எஞ்சினும் வட்ட ரம்பமும் கெட்டி மரத்தில் இறங்கும்போது 100 என்பது பெரிய எண்ணே இல்லை. காலையில் முதல் மரத்தில் பக்கப்பலகையைக் கழிப்பதற்குள் அவனுடைய அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் காதிலிருந்து எடுத்த கடன். உள்காதில் இருக்கிற நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

இதில் மோசம் என்னவென்றால், முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதல் அடி விழும். எஞ்சின் உறுமுவது நன்றாகக் கேட்கும், லாரி வருவது கேட்கும், நீங்கள் நேரே நின்று அதட்டினால் அதுவும் கேட்கும். ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், என்ன சொன்னார் என்பது பிடிபடாது. குழந்தையின் குரலும் பெண்களின் குரலும் சீக்கிரம் நழுவும். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் போச்சு. அதனால்தான் பார்ப்பவர்களுக்கு, ‘வேண்டுமென்றால் கேட்கிறது, வேண்டாமென்றால் கேட்பதில்லை’ என்று தோன்றும். பாதிக் காது போனவர்கள் எல்லோரும் வாங்கும் பட்டம் இதுதான்.

நீங்கள் பொள்ளாச்சிக்காரர். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் வீடுகளுக்குப் போயிருப்பீர்கள். தறி நின்ற பிறகும் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். யாரும் அதைத் திமிர் என்று சொல்வதில்லை. தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஊரில் இது தெரிந்த உங்களுக்குக் கிப்ஸ்லாந்து போனதும் மறந்துவிட்டதா?

அவனிடம் இதை ஒருநாளாவது கேட்டீர்களா? ராத்திரி படுக்கும்போது காதுக்குள் கொய்ங் என்கிறதா, வேலை முடிந்த மாலையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதா என்று. ஆரம்பத்தில் அந்த அடைப்பு மறுநாள் காலையில் விலகிவிடும். அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அவனாகச் சொல்லமாட்டான். அக்கா வீட்டில் இருக்கிற பையன், அத்தான் சோற்றைத் தின்கிறவன், காது கேட்கவில்லை என்று சொன்னால் வேலைக்கு ஆகாதவன் என்று ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பான். உங்கள் மனைவிக்கு இது பாதியாவது தெரிந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. பெரிய மில் வேண்டாம் என்று அவர் சொல்வதற்குக் காரணம் காசுதான் என்று நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். அவரிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உங்களுக்குப் பிடிக்காது. அவன் உங்கள் மகளின் தாய்மாமன். காது குத்தும்போது குழந்தையை யார் மடியில் உட்காரவைப்பது என்று நம் குடும்பங்களில் யாரும் யோசிப்பதே இல்லை. அந்த உறவுக்கு நாம் கொடுக்கிற இடம் அது. அப்படிப்பட்டவனைப் பெண் கொடுத்த வீட்டார் உங்களை நம்பிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். சோறும் படுக்கையும் கொடுத்தால் பொறுப்பு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. கூலிக்கு வந்த வெளியாள் என்றால் முதல் நாளே காது மூடி கேட்டிருப்பான், நீங்களும் வழக்குக்குப் பயந்து வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். சொந்தக்காரன் என்பதால்தான் அவனுக்கு இல்லாமல் போனது. இதை நான் பல தொழில்களில், பல வீடுகளில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது.

கூலி பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மூன்று வருடம். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணக்கரிடம் போய் சம்பளம், வேலையில் அடிபட்டால் ஈடு கொடுக்கும் ஒர்க்கவர் காப்பீடு இரண்டையும் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். காது மூடி கட்டாயம் வேண்டியிருக்கிற இரைச்சலில் ஆளை வைத்து வேலை வாங்கினால், சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒரு கேட்புச் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று விக்டோரியா சட்டமே சொல்கிறது. நீங்கள் ஒன்றுகூடச் செய்யவில்லை.

சரி, மில். பத்து அங்குலம் வந்தால் தனியாகச் சமாளிக்கலாம் என்கிறீர்கள். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் பக்கத்து மெஸ்மேட், ப்ளூ கம் போன்ற யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் பச்சையாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் 1100 கிலோவுக்குக் குறையாது. 5 மீட்டர் நீளத்தில் எட்டுக்கு இரண்டு அங்குலப் பலகை ஒன்று 55 கிலோ. அதையே பத்துக்கு இரண்டாக எடுத்தால் 70 கிலோவைத் தொடும். எட்டுக்கு எட்டு உத்திரம் 220 கிலோ, பத்துக்குப் பத்து 340 கிலோ. தூக்குவது யார்? ரம்பம் பெரிதானால் கழன்று வருவதும் கனமாகத்தான் வரும். தனி ஆளாக ஓட்டவே முடியாத மில் என்று நான் சொல்லவில்லை, நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களிடம் தூக்க டிராக்டரோ லோடரோ இருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. இருந்ததெல்லாம் மச்சினனின் முதுகு.

இப்போது உங்கள் மில் எங்கே நின்று நேரம் போகிறது என்று ஒருநாள் கவனியுங்கள். எஞ்சின் திணறுவதாலா, பலகையை அடுக்கப் போனவன் திரும்பி வரும்வரையா? பின்னதாகத்தான் இருக்கும். திணறல் உண்மையாகவே இருந்தால் முதலில் ரம்பத்தின் பல்லைப் பாருங்கள். கார்பைடு முனைதானே, ரம்பத்தைக் கழற்றாமலே 12 வோல்ட் தீட்டும் கருவியைப் பொருத்தித் தீட்டலாம். பல் மழுங்கிப்போனால் தூள் மாவாக வரும், ரம்பம் சூடாகி வளைந்து ஓடும், பலகை ஒரு பக்கம் கனமாக, ஒரு பக்கம் மெலிவாக வரும். இதற்கு எஞ்சினை மாற்றினால் கோணலாக அறுப்பதை இன்னும் வேகமாக அறுக்கலாம், அவ்வளவுதான்.

சங்கிலி வாள் இணைப்பு பரவாயில்லை. மேசைக்கு அகலப் பலகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது உடனே காசு பார்க்கும் வழி கிடையாது. காற்றில் காய ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது மரக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. இரண்டரை அங்குலப் பலகையை இன்று அறுத்தால் விற்க இரண்டரை வருடம். ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் என்றால் பச்சையில் 170 கிலோ. சத்தத்திலும் ஒன்றும் குறைச்சல் இருக்காது.

முதலில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே இரைச்சலை அதிகம் தடுக்கும் 5ஆம் வகுப்புக் காது மூடி இரண்டு வாங்குங்கள், பழையதைத் தூக்கிப் போடுங்கள். நான்கு வருடம் வெயிலில் கிடந்த மெத்தை வெடித்துப்போயிருக்கும், உங்கள் காதும் முழுசாகத் தப்பியிருக்காது. இருவரும் காதை மூடிவிட்டால் கூப்பிட்டு வேலை வாங்க முடியாது, அதனால் கைச்சாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்து, தூக்கு, விலகு, இந்த மூன்று போதும். அவன் பலகைக்குக் கை நீட்டுவதற்கு முன் ரம்பம் நின்றிருக்கவேண்டும். இது இனி தளர்த்தக்கூடாத விதி. காது மந்தமான ஒருவனை, வாயால் கத்துவதை நம்பி, சுழலும் ரம்பத்தின் பக்கத்தில் இத்தனை நாள் நிறுத்தியிருக்கிறீர்கள். விரல்கள் இருப்பது அதிர்ஷ்டம்.

சனி மதியத்தோடு மில்லை நிறுத்திவிட்டு, ஞாயிறு முழுக்க அமைதியாக இருந்து, திங்கள் காலை அவனைக் கேட்புச் சோதனைக்குக் கூட்டிப்போங்கள். சத்தத்தில் நின்ற கையோடு போனால் கணக்குத் தப்பாக வரும். முதலில் டாக்டர் காதுக்குள் பார்க்கட்டும். அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும், அப்படி இருந்தால் எனக்கும் சந்தோஷம். உங்களுக்கும் சேர்த்து ஒரு சோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவனை வேலையை விட்டு அனுப்பும் யோசனையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். திமிர் பிடித்தவன் என்று மகள் முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்களோ தெரியாது. அதையும் அந்தக் குழந்தை இருக்கும்போதே திருத்திச் சொல்லுங்கள். சோதனைத் தாள் கைக்கு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். எட்டா பத்தா என்று அப்போது பேசலாம்.