ஆளுக்கொரு திகதி சொல்கிறார்கள், எதை நம்புவது?

வாசகர் கேள்வி – பதில்

2022 பெப்ரவரி, கொரோனா காலம். இலங்கை மலையகத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பாடசாலை திறந்தாயிற்று, பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா? மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும், மன்னிக்கவும்.

கேள்வி: கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் கொழுந்தன் பொங்கலுக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்டிஜன் பார்த்ததில் பொசிடிவ். மூத்த மகள் தரம் 8, சின்னவன் தரம் 3. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒரு திகதி சொன்னார், தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு திகதி, டீச்சர் வட்ஸ்அப்பில் இன்னொரு திகதி. கொழுந்தன் சுகமாகி வேலைக்கே போய்விட்டார். ஒன்றுமே இல்லாத பிள்ளைகளைத்தான் இன்னும் வரவேண்டாம் என்கிறார்கள். இது என்ன நியாயம்?
— ஒரு தாய், தலவாக்கலை

பதில்: மூன்று பேரில் பி.எச்.ஐ. சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரை வீட்டில் இருத்துவதும் விடுவிப்பதும் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிற காரியம். அந்தப் பொறுப்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உரியது, பி.எச்.ஐ. அந்தப் பணிமனையின் ஆள். காய்ச்சலோடு வருகிற பிள்ளையைப் பாடசாலை அதிபர் திருப்பி அனுப்பலாம், அது வேறு. ஆனால் தனிமைப்படுத்தல் எப்போது முடியும் என்று தீர்மானிப்பது அதிபரின் வேலையும் இல்லை, டிஸ்பென்சரியின் வேலையும் இல்லை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் வேலை நிச்சயமாக இல்லை.

சரி, கொழுந்தன் முதலில் வெளியே போனது எப்படி? நோயாளிக்கு நாள் எண்ணுவது அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து. கூட இருந்தவருக்கு எண்ணுவது நோயாளியோடு கடைசியாகப் புழங்கிய நாளிலிருந்து. தனி அறை, தனிக் கழிப்பறை உள்ள வீடென்றால் நோயாளியை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திய அன்றே மற்றவர்களின் கணக்கு தொடங்கிவிடும். 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) எந்தக் கதவைச் சாத்துவது? எல்லோரும் ஒரே இடத்தில் படுத்து எழும்பினால் ‘கடைசியாகப் புழங்கிய நாள்’ தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் நோயாளி வெளியே, நன்றாக இருக்கிற பிள்ளை உள்ளே என்ற விசித்திரம். மருத்துவக் கணக்குப்படி அது சரிதான், கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரிய நாளெடுக்கும், சில பேருக்கு 14 நாள்கூட ஆகும். அறை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய கணக்கு என்பதுதான் என் கோபம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. பி.எச்.ஐ.யிடம் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், பிள்ளை எந்தத் திகதியில் பாடசாலைக்குப் போகலாம் என்று கேளுங்கள். எத்தனை நாள் என்று கேட்டால் எங்கிருந்து எண்ணுவது என்று மறுபடி சண்டை வரும், பழைய 14 நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பேசுவார், புதிய சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு இன்னொருவர் பேசுவார். வீட்டில் தனியறை இல்லை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் திகதியைக் கடிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் ஒரு வட்ஸ்அப் செய்தியாகவாவது. அதை டீச்சருக்கு அனுப்பிவிட்டால் பேச்சு முடிந்தது.

கேள்வி: தனிமைப்படுத்தல் முடிந்து மகனைக் கூட்டிப்போனால் பி.சி.ஆர். நெகடிவ் துண்டு இல்லாமல் எடுக்கமாட்டோம் என்கிறார்கள். இது சட்டமா?
— ஒரு தகப்பன், மஸ்கெலியா

பதில்: சட்டமில்லை, பயம். தனியாரிடம் பி.சி.ஆருக்கு உச்ச விலை 6,500 ரூபா, அன்டிஜனுக்கு 2,000 ரூபா என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் வர்த்தமானி போட்டது. 2022 தொடக்கத்தில் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. ஒரு துண்டுக்கு ஆறரை நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது என்பதைக் கேட்கிறவர்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பணத்தை விடுங்கள், அந்தத் துண்டால் பயனும் குறைவு. நோய் வந்து போனவருக்குச் செத்த கிருமியின் மிச்சத்தைக் காட்டியே பி.சி.ஆர். வாரக்கணக்கில் பொசிடிவ் என்று வரலாம், அதற்கு அவர் இன்னும் பரப்புகிறார் என்று அர்த்தமில்லை. உங்கள் மகன் நெகடிவ் வரும் வரை காத்திருந்தால் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும். பி.எச்.ஐ. விடுவித்த கடிதம் போதும் என்று அதிபரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள், கடிதத்தின் பிரதியை இணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: மாஸ்க்கை மூக்குக்குக் கீழே போட்டுக்கொண்டு பாடம் நடத்தும் சேருக்கு என்ன சொல்வது?
— தரம் 9 மாணவிகள், ஹட்டன்

பதில்: நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், பரீட்சை வருகிறது. நான் சொல்கிறேன்: சேர், மூக்கையும் மூடுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் 36 பிள்ளைகள். இரண்டு குழுவாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு குழுவிலும் பாதிக்கு மேல் வருவதில்லை. கேட்டால் ‘வீட்டில் கொரோனா’ என்கிறார்கள். பாடத்தை முன்னே கொண்டுபோவதா, வராதவர்களுக்காக நிற்பதா?
— ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: டீச்சர், முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பிள்ளைகள் வரை ஒரே குழு, 40 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று குழு என்பது 2022 ஜனவரியில் வந்த ஏற்பாடு. உங்கள் பிள்ளை ஒன்றின் முறை வாரத்தில் வீட்டில் காய்ச்சல் வந்துவிட்டது என்று வையுங்கள். அதற்கு முந்திய வாரம் முறை இல்லாமல் வீட்டில், அந்த வாரம் தனிமைப்படுத்தலில், அடுத்த வாரம் மறுபடி முறை இல்லை. ஒரு வாரத் தடை மூன்று வார இடைவெளியாகிவிடுகிறது. மூன்று குழு உள்ள வகுப்பில் அதுவே ஐந்து வாரம். சுற்றறிக்கை எழுதியவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, சேர்த்துப் பார்க்க வேண்டியவர் வகுப்பாசிரியர்தான். ஆகவே திரும்பி வருகிற பிள்ளையை, அதன் முறையோ இல்லையோ, அந்த வாரம் வருகிற குழுவோடு உட்கார வையுங்கள். பாதிப் பேர் வராத குழுவில் ஒரு பிள்ளை கூடினால் இருக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றும் குறையாது. அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பாடத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் ஓடவும் வேண்டாம். இந்தப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள். நடுவில் திறந்தது, பூட்டியது, மறுபடி திறந்தது, 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி பூட்டியது. ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக நீங்கள் எல்லோரும் ஒன்லைன் கற்பித்தலையும் விட்டீர்கள் (கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சில்லை). ஒக்டோபர் 21ஆம் திகதி 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் திறந்து, தரம் 6 முதல் 9 வரை உள்ளவர்கள் வந்து சேர நவம்பர் 22 ஆகிவிட்டது. தரம் 8இல் இருக்கும் பிள்ளைக்குத் தரம் 6இன் பின்னம் தெரியவில்லை என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தாளில் நாலு கணக்கு எழுதி அதே லயத்துப் பிள்ளையிடம் கொடுத்து வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றில் பரவுவது, தாளுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னலை மட்டும் குளிரென்று சாத்திவிடாதீர்கள், பிள்ளைகள் ஸ்வெட்டரோடு இருக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வராத பிள்ளைகள் எல்லோரும் தனிமைப்படுத்தலில் இல்லை. ‘வீட்டில் கொரோனா’ என்பது இப்போது நல்ல வசதியான பதில். அதற்குப் பின்னால் கொழும்புப் புறக்கோட்டைக் கடையில் மூட்டை தூக்கும் தரம் 9 பையன் இருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டில் பிள்ளை பார்க்கப் போன பெண் பிள்ளை இருக்கலாம். தொற்றென்றால் பத்துப் பதினைந்து நாளில் முடிய வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஒரு பெயர் வரவில்லை என்றால் தயவு செய்து ஓர் ஆளை அனுப்பிப் பாருங்கள். 16 வயது வரை கட்டாயக் கல்வி, 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதும் 2021இலிருந்து குற்றம். பெற்றோரோடு பேசிப் பலன் இல்லை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு அதிகாரி இருக்கிறார், 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. பூட்டிக் கிடந்த காலத்தில் போன பிள்ளை, பாடசாலை திறந்த செய்தி கேட்டுத் தானாகத் திரும்பி வராது, யாராவது போய்க் கூப்பிட வேண்டும்.

கேள்வி: சின்ன மகளுக்கு இரவில் காய்ச்சல். சொன்னால் எங்கள் வீட்டை மூடிவிடுவார்கள், எனக்கும் அவருக்கும் பேர் (நாட்சம்பளக் கணக்கு) விழாது. பெனடோல் கொடுத்து அனுப்பிவிட்டேன். தப்பா?
— பெயர் வேண்டாம், நோர்வூட்

பதில்: தப்புத்தான் தாயே, ஆனால் உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உண்மை சொன்னால் அரிசி போகும் என்ற நிலைமையில் வைத்துவிட்டு உண்மை சொல்லச் சொன்னால் யார் சொல்வார்கள்? காய்ச்சலை மறைக்கும் லயத்தில் எல்லாம் இந்தப் பேர்க் கணக்குத்தான் இருக்கிறது.

இருந்தாலும் இதை யோசித்துப் பாருங்கள். பெனடோல் சூட்டைத்தான் இறக்கும், கிருமி அப்படியே இருக்கும். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்னும் தெரிந்த முதல் சில நாட்களும்தான் அதிகமாகப் பரவும் காலம். இன்று ஒரு வீட்டுக்குப் போகும் பேர், நாளை லயம் முழுக்கப் படுத்தால் பத்து வீட்டுக்குப் போகும், மாமியாரைப் போல வயதானவர்கள் இருக்கிற வீடென்றால் போவது பேர் மட்டுமாக இருக்காது. இன்றைக்கே பி.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள். அதே மூச்சில் கிராம சேவகரிடமும் பதியுங்கள், தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கான உலருணவுப் பொதி அவர் வழியாகத்தான் கொடுக்கப்பட்டு வந்தது, கேட்காதவர் வீட்டுக்கு அது வராது. வீட்டை மூடிய திகதி போட்ட கடிதத்தின் பிரதியைத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமும் கொடுத்து வையுங்கள். வேலைக்கு வராத நாட்கள் உங்கள் கணக்கில் எப்படிப் பதியப்பட்டன என்று பின்னால் கேட்க அது வேண்டும்.

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அண்ணனுக்கு பொசிடிவ். சொன்னால் மண்டபத்துக்குள் விடமாட்டார்களா?
— ஒரு மாணவன், பண்டாரவளை

பதில்: விடுவார்கள், தம்பி. இந்த முறை தொற்று உள்ளவர்களுக்கே தனி நிலையம் ஒழுங்கு செய்து எழுத வைக்கிறார்கள், 2020 ஒக்டோபரில் ஊரடங்குக்கு நடுவிலும் உயர்தரப் பரீட்சை நடந்தது. இப்போதே அதிபருக்கும் பி.எச்.ஐ.க்கும் அழைத்துச் சொல், காலையில் மண்டப வாசலில் நின்று சொல்லாதே. அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். 2022 மார்ச் 5 வரை இந்தப் பரீட்சை இருக்கிறது, முடிகிற வரை நீ பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்வது நல்லதுதானே என்று யாராவது சொன்னால் கேட்காதே, கிருமியைப் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோவாய்.

கேள்வி: எங்கள் பாட்டி, ‘அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவோம், மூன்று தண்ணி ஊற்றும் வரை யாரும் வரமாட்டார்கள், இவ்வளவு குழப்பம் இருந்ததா?’ என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
— தரம் 11 மாணவி, கொட்டகலை

பதில்: பாட்டி கெட்டிக்காரி. வேப்பிலை கிருமியைக் கொன்றதோ இல்லையோ, ஊருக்கே புரிகிற ஓர் அடையாளமாக இருந்தது, எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்று எல்லோருக்கும் ஒரே விதி. அதைவிட முக்கியம், அந்த வீட்டை யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கதவில் அறிவித்தல் ஒட்டினால் அந்தப் பிள்ளை திரும்பி வந்த பிறகும் ‘கொரோனா வீடு’ என்று கூப்பிடுகிறார்கள். நம் முன்னோரைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதித்துத்தான் இலங்கைக்கு அனுப்பினார்கள், ஆகவே தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டியோடு உடன்படாதே: தடுப்பூசி. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 ஜனவரிக்குள் போடத் தொடங்கிவிட்டார்கள், உனக்கு இன்னும் போடவில்லை என்றால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: சிக்னல் கிடைக்க மலை உச்சிக்கு ஏறி, அட்டை கடி வாங்கி, ரீலோட் போட்டு ஒன்லைன் வகுப்புப் பார்த்தோமே, இனி அந்தக் கூத்து வேண்டாமல்லவா?
— ஒரு தகப்பன், இராகலை

பதில்: வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். போனை மட்டும் விற்றுவிடாதீர்கள். டீச்சரின் வட்ஸ்அப் வருகிற வழி அதுதான்.