நரம்பு ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. காலை உயரத் தூக்கித் தூக்கி நடக்கிறான். செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. என் கணவருக்கும் பாதம் இதேபோல் குழிந்திருக்கும். ‘சார்கோ-மாரி-டூத்’ நோய், கை நரம்பின் வேகம் வினாடிக்கு 21 மீட்டர் என்று எழுதிக் கொடுத்து, மருந்து இல்லை என்கிறார்கள். வேலூர் லாட்ஜில் பழக்கமான ஒருவர், 20 ஊசி போட்டால் நரம்பு திரும்பிவிடும், 40 ஆயிரம் ஆகும் என்கிறார். போடலாமா?
– குடியாத்தம் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு ஊசிகூட வேண்டாம்.

கரண்ட் வயருக்கு மேலுறை போல நரம்புக்கு மயலின் உறை உண்டு. அதற்கான பிஎம்பி22 மரபணு இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதுதான் இந்த நோய்க்குப் பெரும்பாலான காரணம். உறை கெட்டதால்தான் 50 மீட்டர் வேகத்தில் போக வேண்டிய சேதி 21-இல் தவழ்கிறது. நீளமான நரம்பு முதலில் அடிபடும் என்பதால் பாதத்தில் தொடங்குகிறது. கருவிலேயே வந்த மூன்றாவது பிரதியை எந்த ஊசி எடுக்கும்? வைட்டமின் சி-யை முறையாகச் சோதித்தும் பலன் கிடைக்கவில்லை. இப்படிப் பணம் கேட்பவர்கள் போடும் ‘நரம்பு ஊசி’ பெரும்பாலும் பி வைட்டமின் கலவை. அதில் உள்ள பி6 அளவு மீறினால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுக்கும்.

ஒரே ஒரு விலக்கு. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் பி12 ஊசி போடத்தான் வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஆனால் முதலில் பரிசோதனை, பிறகுதான் ஊசி. அந்த ஊசி பி12 குறைவால் வந்த மரப்பை மட்டும் சரிசெய்யும். மெலிந்த கெண்டைக்காலை வளர்க்காது. ‘ஊசி போட்டதும் மதமதப்பு குறைந்ததே’ என்று அடுத்த 20-க்குப் பணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

மரபணுப் பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. எடுத்தவுடன், மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் என்ற விலை கூடிய சோதனையை விற்பார்கள். மூன்றாவது பிரதி அதில் தப்பிவிடக்கூடும். பிரதிகளை எண்ணிச் சொல்லும் சோதனை வேறு; ‘பிஎம்பி22 எம்எல்பிஏ’ என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அதை முதலில் செய்யுங்கள். மூன்றாவது பிரதி உறுதியானால், சொந்தத்தில் கல்யாணம் கட்டியதால் வந்தது என்று யாரும் பழி சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான். பையனின் ஃபைல் அட்டையில் ‘வின்கிறிஸ்டின் கூடாது’ என்று எழுதி வையுங்கள். அந்தப் புற்றுநோய் மருந்து இவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும்.

மிச்சமாகும் பணத்தைக் காலுக்குச் செலவிடுங்கள். மாவுக்கட்டில் அச்செடுத்துச் செய்யும் கணுக்கால் தாங்கி (ஏஎஃப்ஓ) முன்பாதம் தொங்காமல் பிடிக்கும். ஷூ ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். தாங்கியைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் செய்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். வலி தெரியாத கால் என்பதால் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளம் புண்ணாகி எலும்புவரை போனபின் வருபவர்கள் ஏராளம். குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இறுகாமல் தினமும் நீட்டிப் பயிற்சி செய்யட்டும். பாதம் மிகவும் திருகினால் தசைநாண் மாற்று அறுவை உண்டு. தொழுநோயாளிகளுக்காக டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலேயே அத்தகைய அறுவைகளைச் செய்த ஊர் வேலூர். கால் தொங்கி மரத்துப்போனால் தொழுநோய் என்று ஊரார் முணுமுணுப்பார்கள். உங்கள் மகனின் நோய் ஒட்டுவாரொட்டி அல்ல.

கடைசியாக மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயின் பெயர் இல்லை. கவுன்டரில் அதைக் காட்டித் திருப்பி அனுப்பினால் திரும்பாதீர்கள். கை, கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் விண்ணப்பியுங்கள். 40 சதவீதம் இருந்தால் சலுகைகள் கிடைக்கும். பிறவி நோய்க்குத் தற்காலிகச் சான்று கொடுத்து மறுபடி வரச் சொல்வது கொடுமை. நிரந்தரச் சான்று வேண்டும் என்று டாக்டர் கடிதத்தோடு கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யூடிஐடி அட்டை விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஃபாரம் நிரப்பித் தருகிறேன் என்று வருபவருக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.