புது டயர் கிடைக்கவில்லை; இருக்கிற டயரை எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

கேள்வி: "அண்ணே, மோன் மாநிலத்துத் தட்டோனிலிருந்து ரங்கூனுக்கு டொயோட்டா ப்ரோபாக்ஸ் வேனில் லைன் சவாரி ஓட்டுகிறேன். ஆளும் ஏறும், மூட்டையும் ஏறும். முன்னால் போட்ட டயர் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதே டயர் கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். இருக்கிற கடையில் சொல்லும் விலைக்கு நம்மால் முடியாது. ஜப்பான் செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கிப் போடலாமா? இருப்பதையே இன்னும் கொஞ்ச நாள் இழுக்க வழி உண்டா? முன் இடது டயரில் உள் விளிம்பு வழவழவென்று ஆகிவிட்டது. வெளிப்பக்கம் பட்டன், அதாவது ரோட்டில் பதிகிற ரப்பர்க் கட்டை, நன்றாகத்தான் இருக்கிறது."

தம்பி, உங்கள் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருக்கும்போது உள் விளிம்பு மட்டும் மொட்டையாகிறது என்றால், அந்த டயர் ஓடித் தேயவில்லை, உரசித் தேய்ந்திருக்கிறது. இதே வண்டியில் புது டயர் போட்டாலும் அதுவும் இப்படித்தான் போகும். அதனால் டயர் தேடுவதற்கு முன்னால் வண்டியைப் பாருங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, உள்ளங்கையை முன் டயரின் மேல் குறுக்காக வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால் 'டோ' கெட்டிருக்கிறது. கால் விரல்களை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பவரின் செருப்பு தேய்கிற மாதிரிதான் இதுவும். சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது, வண்டி வேறு பக்கம் போகிறது, நடுவில் ரப்பர் ரோட்டில் இழுபடுகிறது. தடவினால் பல் பிடிக்கவில்லை, உள் விளிம்பு மட்டும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது என்றால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். அதைக் 'கேம்பர்' என்பார்கள்.

உடனே அலைன்மென்ட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, பத்திரமாக ஸ்டாண்ட் கொடுத்து, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை மூட்டு, போயிருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். அப்புறம் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் உள்ள புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ரோட்டுப் பள்ளங்களில் முதலில் சாவது அந்த புஷ்தான். இவற்றை மாற்றாமல் அலைன்மென்ட் பார்த்தால், மெஷினில் நேராகத் தெரியும், அடுத்த பள்ளத்தில் மறுபடியும் விலகும். ஒரு புஷ்ஷின் விலையையும் ஒரு டயரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதை முதலில் வாங்குவது என்று தெரிந்துவிடும்.

டயருக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். தட்டோன் பக்கம் ரோட்டின் இரண்டு புறமும் ரப்பர்த் தோட்டம். கொடியில் துணி காய்கிற மாதிரி ரப்பர் ஷீட் காய்கிறது. மோன் மாநிலம்தான் பர்மாவின் ரப்பர்க் களஞ்சியம். ஆனால் அதில் பெரும்பகுதி ஷீட்டாகவே வெளிநாட்டுக்குப் போகிறது. கார் டயருக்கு மரத்து ரப்பர் மட்டும் போதாது. செயற்கை ரப்பர், கார்பன் கரி, எஃகுக் கம்பி, பாலியெஸ்டர் நூல் எல்லாம் வேண்டும். ஆகையால் நாம் ஓட்டுகிற டயரில் பெரும்பாலானவை சீனாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருகின்றன. 2021க்குப் பிறகு டாலர் நெருக்கடி, இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு. 2023 அக்டோபர் கடைசியில் வடக்கு ஷான் மாநிலத்தில் சண்டை மூண்டதும் சீன எல்லை வழி அடைபட்டது. தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவடி வழியும் அடிக்கடி நின்று நின்றுதான் திறக்கிறது. இதில் நம் கையில் எதுவும் இல்லை. காற்று மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஆமாம், காற்றுதான். டயரைக் கொல்வது சூடு. சூட்டை உண்டாக்குவது காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைக்கிற இடம் சுடுமே, அதே கதைதான். உள்ளே நூலும் ரப்பரும் ஒட்டியிருக்கிற பிடி அந்தச் சூட்டில் விட்டுப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் நின்றால் காற்றுக் குறைவாக ஓடிய டயர். நடுவில் தேய்ந்து ஓரம் நின்றால் காற்று அதிகம்.

எவ்வளவு காற்று? டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஜப்பான் எழுத்தில். எழுத்து புரியாவிட்டால் பரவாயில்லை, எண்ணைப் பாருங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கிலோபாஸ்கலில் போட்டிருக்கும். 100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பவுண்ட் (பி.எஸ்.ஐ.), 240 என்றிருந்தால் சுமார் 35 பவுண்ட். ஸ்டிக்கர் அந்த வண்டியோடு வந்த சைஸ் டயருக்கானது என்பதையும் மறக்க வேண்டாம்.

சொந்தமாகக் காற்று அளக்கிற ஒரு கேஜ் வாங்குங்கள். கடைக் கேஜுகளில் பல, விழுந்து விழுந்து கெட்டுப்போனவை. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த டயரில் 4, 5 பவுண்ட் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. "சூடாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கிவிடுவோம்" என்று வழியில் காற்றைப் பிடுங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். இறக்கிய டயர் இன்னும் அதிகமாக மடங்கி, இன்னும் அதிகமாகச் சுடும். பஞ்சரே இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு பவுண்ட் போலத் தானாகக் குறையும். அதனால் லைன் வண்டிக்கு வாரம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். சேறு புகுந்து அங்கேயே கசியும். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

அடுத்தது வேகம். 1942இல் ஜப்பான் மலேயாவையும் டச்சுத் தீவுகளையும் (இன்றைய இந்தோனேசியா) பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அங்கே முதன்முதலில் பங்கீட்டுக்கு வந்த பொருள் டயர்தான். நாடு முழுக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அந்த வருஷக் கடைசியில் பெட்ரோலையும் நாடெங்கும் பங்கிட்டார்கள். பெட்ரோல் பற்றாததால் அல்ல, வண்டி குறைவாக ஓடினால் டயர் மிஞ்சும் என்பதற்காக. நீங்கள் 35இல் போக வேண்டாம். ஆனால் ஏப்ரலில் வரும் திஞ்ஞான் புத்தாண்டுக்கு முந்தின வெயிலில், வண்டி நிறையச் சுமையோடு, நட்டநடு மத்தியானம் விரட்டாதீர்கள். அதே லைனை விடியற்காலையில் கிளம்பி ஓட்டினால் டயருக்கு எவ்வளவோ நல்லது. ரங்கூன்-மண்டலே எக்ஸ்பிரஸ்வேயில் சவாரி கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அது கான்கிரீட் ரோடு, மத்திய பர்மா வெயிலில் அடுப்புத் தோசைக்கல். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் பிளந்து, ஒட்டுப்போட்ட இடங்களும் அதில் உண்டு. அந்த விளிம்புகளில் வேகமாக ஏறினால் பக்கச் சுவர் நூல் அறுந்து, மறுநாள் முட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது.

இனி செகண்ட் ஹேண்ட். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இன்று பலருக்கு வேறு வழியில்லை. ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு கடையில் பளபளவென்று கறுப்பு மை பூசிய டயர் வாங்கி என் வண்டியிலேயே போட்டேன். பட்டன் நிறைய இருந்தது. எக்ஸ்பிரஸ்வேயில் 115ஆம் மைல் ஓய்விடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் லேசாக உதறியது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் டயரின் மேல்தோல் மொத்தமாக உரிந்து வீலார்ச்சைக் கிழித்துவிட்டது. பின்சக்கரம் என்பதால் பிழைத்தோம் என்று சொல்ல முடியாது, எதிரே வண்டி இல்லாததால் பிழைத்தோம். இறங்கிப் பக்கச் சுவரைத் துடைத்துப் பார்த்தால் தயாரித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தத் தேதியை எல்லோரும் படிக்கலாம். பக்கச் சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். ஆறு வருஷம் தாண்டியதை லைன் வண்டிக்கு வாங்காதீர்கள். மையைத் துணியால் துடைத்து, விரலால் அழுத்தி, மயிரிழை வெடிப்பு பாருங்கள். ரிம்மில் மாட்டாத டயராகக் கேளுங்கள், உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும். உள்சுவரில் வளையமாகத் தேய்ந்து, கறுப்புத் தூள் கையில் ஒட்டினால் அது காற்றில்லாமல் ஓட்டிய டயர், தொடவே வேண்டாம். பட்டன் இடுக்கில் குறுக்கே சின்னத் திட்டு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர், அதுதான் கடைசி எல்லை. அந்தத் திட்டே காணோம், ஆனால் பள்ளம் ஆழமாக இருக்கிறது என்றால், மொட்டை டயரைக் கத்தி வைத்துக் கீறியிருக்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து வருவதில் இன்னொரு வலை, பனிக்கால டயர். பட்டன் முழுக்க நெளிநெளியாக மெல்லிய கீறல் இருக்கும், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருக்கும். பார்க்கப் புதுசு மாதிரி, விலையும் குறைவு. பனிக்காகச் செய்த மெத்து ரப்பர் அது. நம் வெயிலில் பென்சில் ரப்பராகக் கரையும்.

சைஸ் கிடைக்கவில்லை என்று சின்னக் கார் டயரைப் போடுகிறார்கள். ப்ரோபாக்ஸ் வேன் சுமை வண்டி. சைஸுக்குப் பக்கத்தில் உள்ள சுமை எண்ணைப் பழைய டயரோடு ஒப்பிடுங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475தான். குறைந்த எண்ணுக்கு இறங்க வேண்டாம். லாரிக்காரர்கள் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரில் புது மேல்தோல் ஒட்டியது, போடுகிறார்களே என்று கேட்பீர்கள். லாரி டயரின் உடல் அதற்கென்றே செய்தது, அதையும் பின் ஜோடிச் சக்கரத்தில்தான் போடுவார்கள்.

டயரை இடம் மாற்றுவதையும் பழக்கமாக்குங்கள். உங்கள் வண்டியை இழுப்பது முன்சக்கரம், திருப்புவதும் அதுவே, பிரேக்கின் பாரத்தில் பெரும்பங்கும் அதன் தலையில்தான். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னது பின்னே, பின்னது முன்னே மாற்றினால் நான்கும் சேர்ந்து தேயும். பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயரை இடமிருந்து வலம் மாற்றக் கூடாது. இரண்டு டயர்தான் வாங்க முடிந்தது என்றால் நல்ல ஜோடியைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் யாராலும் பிடிக்க முடியாது. வாங்கி வைத்த டயரை ஜெனரேட்டர் பக்கத்தில் அடுக்காதீர்கள். அது விடுகிற சூடும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும்.

பஞ்சர் என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து பேட்ச் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து திரி சொருகுவது வீடு வந்து சேர மட்டும்.

உங்கள் முன் இடது டயருக்கு வருகிறேன். உள் விளிம்பு வழவழப்பாகிவிட்டது என்கிறீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து அந்த விளிம்பைக் கவனித்துப் பாருங்கள். நூலோ கம்பியோ ஒரு இடத்தில் எட்டிப் பார்த்தாலும் அந்த டயரோடு ரங்கூனுக்கு இனி ஒரு ட்ரிப்கூட வேண்டாம். ஸ்டெப்னியின் தேதியையும் காற்றையும் பார்த்துவிட்டு அதை மாட்டி, ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டி வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். நூல் தெரியவில்லை, வெளிப்பக்கம் பட்டன் மிச்சம் இருக்கிறது, அம்புக்குறியும் 'வெளிப்பக்கம்' என்ற குறியும் இல்லை என்றால், ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லலாம். உள் விளிம்பு வெளியே வரும். இப்படி மாட்டினதை ஊருக்குள் ஓட்டலாம், மழையில் வேண்டாம். அதுவும் விளிம்பில், மேலே சொன்ன 1.6 மில்லிமீட்டர் திட்டு அளவுக்காவது ரப்பர் நின்றால்தான். புஷ்ஷை மாற்றி, அலைன்மென்ட் முடித்த பிறகு, 500 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வழுக்கினால் வாங்கப்போகிற டயரைத் தைரியமாக மாட்டலாம்.