அப்பாவின் கேள்விக்கு ஒரு ஸ்கெட்ச் நோட்டு

கேள்வி: கும்பகோணத்தில் கவின் கலைக் கல்லூரியில் வண்ணக்கலை இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். கல்லூரியில் காலை முதல் மாலை வரை கை ஓயாது. இங்கே பகல் எப்படிக் கரைகிறது என்றே தெரியவில்லை. போனில் படங்களைப் பார்த்து வரைகிறேன், எதுவும் உயிரோடு வரவில்லை. வெளியில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது. இரவு கடை அடைத்து வரும் அப்பா, "இன்று என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன். என் நாளை எப்படி அமைத்துக்கொள்வது?
- மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்:

அன்பு மகளே,

அப்பாவின் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுதும் கடையில் நின்று, இரவில் கணக்குப் பார்த்துப் பழகியவர் அப்படித்தான் கேட்பார். அவருக்கு எடுத்துக் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

கல்லூரியில் மணி அடித்து உங்கள் நாளை நடத்தினார்கள். வீட்டில் அந்தப் பொறுப்பை வெயிலிடம் கொடுங்கள். உங்கள் ஊர்க் குன்றையே பாருங்கள். விடிந்த சிறிது நேரத்தில், வெயில் பக்கவாட்டில் படும்போது, பாறையின் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பதினொரு மணிக்கு அதே குன்று வெளிறிப்போய் ஒரே பரப்பாக நிற்கும். எட்டரைக்கு எழுந்து போனைக் கையில் எடுக்கிறீர்கள் என்றால், அன்றைய நல்ல வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தூங்கியே செலவழித்துவிட்டீர்கள்.

ஆகவே முதல் வாரம் வேறெங்கும் போக வேண்டாம். ஆறு மணிக்கெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே அளவுத் தாளில், அந்தக் குன்றை மட்டும் வரையுங்கள். 2பி, 6பி என இரண்டு பென்சில் போதும். கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, குன்றின் விளிம்புக்கோட்டை முதலில் பிடியுங்கள். பிறகு நிழல்களை மூன்றே அடர்த்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சலிப்பு வரும். அதற்காக இடத்தை மாற்றிவிடாதீர்கள். தெரிந்த பொருள் என்று கண் அசட்டையாகத் தாண்டிப்போன வளைவுகளெல்லாம் அந்தச் சலிப்புக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

அடுத்த வாரம் பஸ் ஏறி டவுனுக்கு வாருங்கள். தெற்குச் சித்திரை வீதியிலிருந்து தெற்குக் கோபுரத்தை வரையும்போது சுதைச் சிற்பங்களில் கண்ணைப் பறிகொடுக்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களில் உயரமான இதன் பக்கவிளிம்பு நேர்க்கோடு அன்று, உள்வாங்கி மேலேறும் மெல்லிய வளைவு. அது கையில் வந்துவிட்டால் சிற்பங்களைச் சிறு புள்ளிகளாக வைத்தாலே கோபுரம் எழுந்து நிற்கும். 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் நேர்மாறான பாடம். பருத்த தூண்களும் வளைவுகளும் வரிசை வரிசையாகப் பின்வாங்கிப் போகும். தூரம் போகப் போகத் தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து வரையுங்கள். பெர்ஸ்பெக்டிவ் பற்றி வகுப்பில் கேட்டது அங்கே கைக்கு வந்துவிடும்.

கூச்சம் பெரிய விஷயம்தான், அதிலும் தனியாக உட்காரும் பெண்ணுக்கு. சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னால் நின்று எட்டிப் பார்க்க யாருக்கும் இடமிருக்காது. பெரிய பலகை வேண்டாம், கைக்கடக்கமான நோட்டு போதும். பெரியார் பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களின் கண் வரும் பஸ்ஸின் மீதுதான் இருக்கும். அவர்களை அரை நிமிடத்துக்கு ஒருவராக வரைந்து பழகுங்கள். முகம் வேண்டாம். தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பது மட்டும் போதும். யாராவது வந்து "என்னம்மா வரைகிறாய்?" என்று கேட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் கூட்டம் கூடும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி இருக்கிறது. நவராத்திரிக் கொலுவுக்கு மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக இருக்கின்றன. அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு திண்ணையில் உட்காருங்கள். மண்ணை அச்சில் அழுத்தும் கட்டைவிரல், பொம்மைக்குக் கண் எழுதும்போது அசையாமல் நிற்கும் மணிக்கட்டு என்று கைகளை மட்டும் வரையுங்கள். அங்கே ஒரு காலைப் பொழுது உட்காருவதை நான் பத்து வகுப்புகளுக்கு மேலாக மதிக்கிறேன்.

போன் படத்திலிருந்து வரைவது ஏன் சப்பென்று போகிறது என்று கேட்டால், எங்கே வெட்டுவது, எதை இருட்டில் விடுவது என்ற முடிவுகளையெல்லாம் கேமரா முன்பே எடுத்துவிட்டது. படத்தில் மரநிழல் பெரும்பாலும் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள் செம்மண்ணின் சிவப்பும் வானத்தின் நீலமும் ஏறியிருக்கும். அதைக் கண்டு எடுப்பதற்குத்தானே நீங்கள் வண்ணக்கலை படிக்கிறீர்கள்?

மதுரையில் 1936-இல் பிறந்த மனோகர் தேவதாஸ், வேதியியல் படித்து வேலைக்குப் போய்க்கொண்டே இந்த ஊரைப் பேனாவாலும் மையாலும் வரைந்தவர். விழித்திரை நோயால் பார்வை மெல்ல மெல்லக் குறைந்தது. இருந்தும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. அவருடைய கோட்டோவியங்கள் அச்சில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். கண்ணால் ஒரு ஊரை எவ்வளவு சேர்த்து வைத்துக்கொள்ள முடியும் என்பது புரியும்.

உச்சி வெயிலில் வீட்டுக்குள் இருங்கள். நீர்வண்ணத்துக்கு அதுதான் நேரம். வெளியில் வாஷ் (நீர் கலந்த வண்ணத்தை மெல்லிய பூச்சாகப் பரப்புவது) கொடுத்தால் நம் ஊர் வெக்கையில் உடனே காய்ந்து விளிம்பு தடித்துவிடும். ஜன்னல் ஓரம் ஒரு பித்தளைச் செம்பையும் இரண்டு எலுமிச்சையையும் வைத்து, தாளின் இரு பக்கத்தையும் நனைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதன் பிறகு ஒரு மணி நேரம் தூங்கினாலும் தப்பில்லை. மாலையில் சமையலறையில் அம்மா வேலை செய்வதை வரையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மாடல், வேலை செய்யும் உடம்பு, இரண்டும் ஓரிடத்தில்.

ஒவ்வொரு தாளிலும் தேதி, இடம், நேரம் எழுதுங்கள். இரவு அப்பா சாப்பிட உட்காரும் நேரத்தில் நோட்டை அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். படிப்பு முடிந்தபின் வேலை என்ன என்று அவர் கேட்டால் டிசைன், அனிமேஷன், ஓவிய ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. ஆனால் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது வரைந்து வைத்திருக்கும் கத்தையைத்தான்.

இன்னொன்று. கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கட்டாயம் போங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் பாறையிலேயே இருக்கின்றன. தனியாக ஏற வேண்டாம், வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, பாறை சுடத் தொடங்குமுன் இறங்கிவிடுங்கள்.