மாயத்தால் ஆகாதது

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். என் மகனுக்குப் பதினான்கு வயது ஆகிறது. மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்து வருகிறோம். கணக்கும் அறிவியலும் தானாக ஓடுகின்றன, சிக்கல் இலக்கியத்தில்தான். மாயமும் மந்திரமும் நிறைந்த ஆங்கில மிகுபுனைவு நாவல்களைத் தவிர வேறெதையும் அவன் தொடுவதில்லை. டோல்கீனின் 'ஹாபிட்' நாவலை மூன்று முறை வாசித்துவிட்டான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இல்லாத ஒரு நாட்டுக்கு வரைபடம் வரைந்து வைத்திருக்கிறான். நான் அருகில் போனால் மூடிவிடுகிறான். நிஜ உலகத்திலிருந்து தப்பி ஓடத்தான் இந்தப் புத்தகங்கள் என்பது என் கணவரின் கட்சி. பழங்கவிதையையும் அறிமுகப்படுத்தலாம் என்று புறநானூற்றைக் கடவுள் வாழ்த்திலிருந்து வரிசையாகத் தொடங்கினேன். உரையைப் படித்துச் சொல்லி, பாட்டுக்கு ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். ஆறாம் பாட்டோடு நின்றுபோயிற்று. மிகுபுனைவில் எதைக் கொடுப்பது, எதை விலக்குவது? பழங்கவிதையை எங்கே தொடங்குவது? வயதுக்கு ஒவ்வாத பகுதிகளை என்ன செய்வது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

ஆறாம் பாட்டோடு நின்றுபோனதில் வியப்பில்லை. புறநானூற்றின் தொடக்கப் பாடல்கள் பெரும்பாலும் வேந்தர்களை வாழ்த்துபவை. அவற்றைத் தொகுத்தவர்கள் பதினான்கு வயதுப் பையனை மனத்தில் வைத்து வரிசைப்படுத்தவில்லை. பழைய தொகைநூல் எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. அந்த ஐந்து கேள்விகளையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பள்ளியை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தேர்வுத்தாளை மட்டும் உள்ளே அழைத்து வந்ததுபோல் இருக்கிறது.

மிகுபுனைவையும் பழங்கவிதையையும் இரண்டு தனித் தனிப் பாடங்களாகப் பார்க்கிறீர்கள். அவன் மூன்று முறை வாசித்த நாவலிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' நாவலில் வரும் குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவை 'எட்டா' என்னும் பழைய நார்ஸ் பாடல் தொகையில் உள்ள ஒரு பெயர்ப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. நாவலில் மந்திரவாதியாக வரும் காண்டால்ஃபின் பெயரும் அங்கே ஒரு குள்ளனின் பெயர்தான். நாவலின் நாயகன் பில்போ டிராகனின் குகைக்குள் நுழைந்து ஒரு கிண்ணத்தைத் திருடி வர, அது சினந்து வெளியே பாயும் கட்டத்தை உங்கள் மகன் மறந்திருக்க மாட்டான். 3182 அடிகள் கொண்ட 'பெயோவுல்ஃப்' என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தின் கடைசிப் பகுதியில் அதே கிண்ணத் திருட்டு இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் முதலில் கொடுங்கள். 1999இல் வெளியான ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பு வாய்விட்டு வாசிக்க ஏற்றது. கிண்ணத்தைப் பற்றி நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். கண்டுபிடித்துவிட்டு அவனே ஓடி வந்து உங்களிடம் சொல்லட்டும். வெற்றியை எதிர்பார்த்து வாசிப்பவனுக்கு, ஐம்பது ஆண்டுகள் ஆண்டு முதிர்ந்துபோன வீரன் ஒருவன், தோழர்கள் எல்லாம் காட்டுக்குள் ஓடிவிட, துணைக்கு நின்ற ஒரே ஓர் இளைஞனோடு டிராகனைக் கொன்று தானும் சாகிறான் என்பது சிறிது அதிர்ச்சியாக இருக்கும். இருக்கட்டும். அந்தக் காவியம் ஒரே ஒரு கைப்பிரதியாக எஞ்சி, 1731இல் நடந்த தீ விபத்தில் விளிம்புகள் கருகி நமக்கு வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லலாம். அதையொட்டி, உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்து 1894இல் புறநானூற்றை அச்சிட்ட கதையையும் சொன்னால், புதையல் தேடுவது நாவல்களில் மட்டும் நடப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

எதைக் கொடுப்பது, எதை விலக்குவது என்று கேட்டிருந்தீர்கள். விலக்க வேண்டாம். அந்த வயதில் நான் வாசித்ததில் முக்கால்வாசி குப்பை. அதனால் பெரிய கெடுதல் எதுவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நீங்களாகத் தேர்ந்து கொடுக்கும் நூலுக்கு ஓர் உரைகல் வேண்டும் என்றால், நான் கைக்கொள்வது இதுதான்: இந்தக் கதையில் மாயத்தால் ஆகாதது எது? பாகத்துக்குப் பாகம் நாயகனின் ஆற்றல் ஏறிக்கொண்டே போய், செத்தவர்களும் வேண்டியபோது எழுந்து வரும் நெடுந்தொடர்களில் இந்தக் கேள்விக்கு விடையே இருக்காது. நல்ல மிகுபுனைவில் அந்த எல்லையில்தான் கதையே தொடங்குகிறது.

அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீ' வரிசையின் முதல் நாவலைப் பாருங்கள். கெட் என்னும் இளம் மந்திரவாதிக்குப் படகு கட்டும் ஒருவன் நண்பனாகிறான். அவனுடைய சின்னஞ்சிறு மகன் நோயில் கிடக்கும்போது கெட்டை அழைக்கிறார்கள். காயத்தை ஆற்றலாம், நோயைத் தீர்க்கலாம், ஆனால் போகும் உயிரைப் போகவிட வேண்டும் என்பது அவனுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். நட்பின் பொருட்டு அதை மீறி, குழந்தையின் உயிரைத் தொடர்ந்து இறந்தவர்களின் இருண்ட நிலத்துக்குள் இறங்குகிறான். குழந்தை திரும்பவில்லை, அவனே திரும்பி வர முடியாமல் போகவிருந்தது. நிஜ உலகத்திலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்லும் உங்கள் கணவருக்கு இந்தச் சில பக்கங்களை மட்டும் காட்டுங்கள்.

அதே வாரத்தில் மணிமேகலையின் ஆறாவது காதையான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே பேய் ஒன்று ஆடுவதைக் கண்டு அஞ்சி வீட்டுக்கு ஓடி வந்து, தாயிடம் சொல்லி உயிரை விடுகிறான். தாய் கோதமை மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்தை அழைத்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்று மன்றாடுகிறாள். முடியாது என்கிறது தெய்வம். கோதமை ஒப்பவில்லை. பிறகு அண்டத்திலுள்ள தெய்வங்கள் அத்தனையையும் வரவழைத்துக் காட்டுகிறது, அவற்றுக்கும் முடியாது. இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியரும் பழந்தமிழ்ப் புலவர் சாத்தனாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை அவனிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை.

சாத்தனாரின் நூலைச் சமய நூல் என்று ஒதுக்கி வைத்தது நம்முடைய பிழை. கடலுக்கு நடுவே ஒரு தீவில் கண்விழிக்கும் பெண், முற்பிறப்பைக் காட்டும் பீடிகை, வானில் பறக்கவும் வேற்றுருக் கொள்ளவும் மந்திரங்கள், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், எவ்வளவு உண்டாலும் தீராத யானைத்தீ என்னும் பசியோடு அலையும் காயசண்டிகை என்று, பையன் தேடுவது எல்லாம் அதில் இருக்கிறது. கப்பல் உடைந்து நாகர்களிடம் சிக்கும் சாதுவன், தன்னைத் தின்ன இருந்தவர்களைப் பேசியே வெல்லும் கதை பதினாறாம் காதையில் வருகிறது. முப்பது காதைகளையும் படிக்க வேண்டாம். சமயக்கணக்கர் வாதமும் தருக்கமும் வரும் கடைசிப் பகுதி இப்போதைக்கு அவனைத் துரத்திவிடும்.

சங்கப் பாடல்களில் மாயம் இல்லை. அவற்றுக்கு அவனை அழைத்துப்போக நான் நம்புவது புறநானூற்றின் 112ஆம் பாடலை. பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது, ஐந்தே அடிகள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

பொருள் சொல்லாமல் இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு முதலடியையும் மூன்றாம் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் அவனையே எழுதச் சொல்லுங்கள். 'அ' இருந்த இடத்தில் 'இ' வந்திருக்கிறது, அவ்வளவுதான். நிலவு அதே நிலவு. ஒரு மாதத்துக்குள் தந்தையும் மலையும் போய்விட்டதை அந்த இரண்டு எழுத்துகள் சொல்லிவிடுகின்றன. டோல்கீனின் பெருநாவலான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் ரோகன் நாட்டவர், குதிரை எங்கே, வீரன் எங்கே என்று பாடும் இரங்கற்பாட்டு இருக்கிறதே, அது 'வழிப்போக்கன்' என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலக் கவிதையின் எதிரொலி. அதையும் பாரி மகளிர் பாட்டையும் ஒரே நாளில் வாசிக்கலாம். அடுத்ததாக 243ஆம் பாடல்: ஆழ்ந்த நீரில் பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து தோழர்களுக்குக் காட்டிய தன் இளமையை, இருமலுக்கு நடுவே சில சொற்களில் நினைத்துக்கொள்கிறார் கோலூன்றிய கிழவர் ஒருவர். எழுதியவரின் இயற்பெயர்கூடத் தெரியாமல், அந்தக் கோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம். 'யாதும் ஊரே' பாடலைச் சற்றுத் தள்ளிவையுங்கள். பள்ளியில் அதன் முதலடியை முழக்கமாகக் கத்திப் பழகியதால், ஆற்றுநீர் போகும் வழியில் போகும் புணையைப் பற்றி அது பேசுகிறது என்பதை நான் கவனிக்கவே வெகுகாலம் ஆயிற்று.

வயதுக்கு ஒவ்வாத பகுதிகள் குறித்து அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. குறுந்தொகையின் காதலைப் பதினான்கு வயது தாங்கும். கலிங்கத்துப்பரணியில் மட்டும் காமம் மிகுந்த கடைதிறப்பு என்னும் பகுதியை விட்டுவிட்டு, குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் போர்க்களத்தில் கூழுக்குக் காத்திருக்கும் இடத்தைக் கொடுங்கள். விழுந்து விழுந்து சிரிப்பான். கடைதிறப்பை என்றாவது ஒருநாள் அவனே கண்டுபிடித்துக்கொள்வான், நாமெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டதைப் போல.

கடைசியாக அந்த வரைபடம். திணைக் கோட்பாட்டை இலக்கணமாகக் கற்பிக்காமல், வரைபடமாக அவன்முன் வைத்துப் பாருங்கள். குறிஞ்சிக்கு நள்ளிரவு, முல்லைக்கு மாலை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு பறை, மனிதர்களுக்கு நேரும் ஓர் உணர்வு. உலகம் சமைக்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கருவிப்பெட்டி கிடைக்காது. ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். அவன் நாட்டின் மலையில் எந்தப் பூ பூக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். கணக்கு நோட்டை அவனாகத் திறந்து காட்டும்வரை நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை.