ஓடுபாதை மூடியிருப்பது விமானிக்கு எப்படித் தெரியும்? – வாசகர் கேள்வி பதில்

விமானிகளுக்கு அனுப்பப்படும் ‘நோட்டாம்’ அறிவித்தல்கள் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கட்டுநாயக்க ஓடுபாதையைத் திடீரென்று மூட நேர்ந்தால், லண்டனில் புறப்பட ஆயத்தமாகும் விமானிக்கு அது எப்படித் தெரியவரும்? யாராவது தொலைபேசி எடுப்பார்களா?
– செ. ம., வெள்ளவத்தை

தொலைபேசியை நம்பி இந்த வேலை நடப்பதில்லை. நோட்டாம் என்ற எழுத்து அறிவித்தல் போகும். கட்டுநாயக்கவில் இருப்பது 04/22 என்ற ஒரே ஓடுபாதை. நீளம் 3350 மீற்றர். அது மூடப்பட்டால் வருகிறவர்கள் மத்தளைக்கோ தென்னிந்தியாவுக்கோ திரும்ப வேண்டும். அதற்கான எரிபொருளைப் புறப்படும் இடத்திலேயே ஏற்றியிருக்க வேண்டும். அதனால்தான், இறங்கப் போகும்போது வரும் செய்தியை விட, எரிபொருள் கணக்குப் போடும் வேளையில் கையில் இருக்கும் செய்திக்கு மதிப்பு அதிகம்.

ஓடுபாதையைப் பார்வையிடும் அலுவலர் தார் பெயர்ந்திருப்பதைக் கண்டதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வார். கோபுரம் அருகில் பறப்பவர்களுக்கு ரேடியோவில் உடனே சொல்லிவிடும். கூடவே விமானத் தகவல் சேவையின் நோட்டாம் அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை போகும். அங்குள்ளவர் இடம், நேரம், ஆள்கூறுகளைச் சரிபார்த்து, அறிவித்தலுக்கு வரிசை எழுத்தும் இலக்கமும் கொடுத்து, விமானத் துறைக்கென்றே உள்ள தொலைத்தொடர்பு வலையமைப்பில் ஏற்றுவார். உலகெங்கும் உள்ள தரவுத்தளங்களில் அது பதிவாகும். விமான நிறுவனத்தில் பறப்புத் திட்டம் தயாரிப்பவரின் கணினி, அன்றைய பாதைக்கும் இறங்கிடத்துக்கும் மாற்று நிலையங்களுக்கும் பொருந்தும் நோட்டாம்களைத் தேடியெடுத்து ஒரு கோவையாக்கும். லண்டன் விமானி புறப்படுமுன் வாசிப்பது அந்தக் கோவையைத்தான்.

ஒரு நோட்டாமைப் பார்த்தேன். எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்றுமே புரியவில்லை. எப்படி வாசிப்பது?
– ஜெ. நா., வத்தளை

தொலைஅச்சுக் காலத்துச் சுருக்கெழுத்து அது. ஆனால் ஒழுங்கு மாறாதது. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் வாசித்துவிடலாம்.

முதலில் இலக்கம். அதன் பின்னால் வரும் எழுத்து ‘என்’ என்றால் புதியது, ‘ஆர்’ என்றால் பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது, ‘சி’ என்றால் பழையதை ரத்துச் செய்வது. அடுத்தது ‘கியூ’ வரி. இது கணினிக்காக எழுதப்படுவது. இதில் ‘கியூ’வில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். அதன் இரண்டாம் மூன்றாம் எழுத்துகள் பொருளையும், கடைசி இரண்டும் நிலையையும் சொல்லும். ‘எம்ஆர்’ என்றால் ஓடுபாதை, ‘எல்சி’ என்றால் மூடப்பட்டது. சேர்த்தால் ‘கியூஎம்ஆர்எல்சி’, ஓடுபாதை மூடல். ‘எம்எக்ஸ்’ என்றால் விமானம் ஓடுபாதைக்குப் போய்வரும் இணைப்புப் பாதை. அதே வரியில் கீழ் உயரம், மேல் உயரம், மையப் புள்ளி, அதைச் சுற்றிய ஆரை கடல்மைலில்.

இந்த வரியை அசட்டையாக எழுதுவதால் வரும் தொல்லை பெரிது. 7000 அடிக்குள் நடக்கும் சுடுபயிற்சிக்கு மேல் எல்லையை, நூறடிக் கணக்கில், 070 என்று போட வேண்டும். வரையறை இல்லை என்று பொருள்படும் 999ஐப் போட்டுவிட்டால், 37,000 அடியில் கடந்து போகிற ஒவ்வொரு விமானியின் கோவையிலும் அது வந்து குந்திக்கொள்ளும்.

பிறகு எழுத்திட்ட பகுதிகள். ‘ஏ’ இடம்: கட்டுநாயக்கவுக்கு ‘விசிபிஐ’, மத்தளைக்கு ‘விசிஆர்ஐ’, இரத்மலானைக்கு ‘விசிசிசி’, யாழ்ப்பாணத்துக்கு ‘விசிசிஜே’. ‘பி’ தொடக்கம், ‘சி’ முடிவு, ‘டி’ இடையில் நாளாந்த நேர அட்டவணை, ‘ஈ’ விளக்கம். ‘எஃப்’, ‘ஜி’ இரண்டும் உயர எல்லைகள். வான்பரப்பு எச்சரிக்கைகளில்தான் அவை பெரும்பாலும் வரும்.

நேரத்தில் கவனம் வேண்டும். எல்லாம் உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. உதாரணத்துக்கு ‘பி’யில் 2603101930, ‘சி’யில் 2603102330 என்று இருந்தால், ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று இரண்டிரண்டாகப் பிரியுங்கள். 2026 மார்ச் 10, 19.30 முதல் 23.30 வரை. நம் நேரத்தில் அது மார்ச் 11 அதிகாலை 1.00 முதல் 5.00 வரை. திகதியே மாறிவிட்டது பாருங்கள். ‘10ஆம் திகதி இரவு ஏழரைக்குத்தானே’ என்று வாசிப்பவர், பாதை திறந்திருக்கும்போது மூடியதாகவும் மூடியிருக்கும்போது திறந்ததாகவும் நினைத்துக்கொள்வார்.

நேர அட்டவணைக்கு நம் ஊர் உதாரணமே உண்டு. 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கட்டுநாயக்க ஓடுபாதையைப் புதுப்பித்தபோது, நாளாந்தம் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடி வைத்தார்கள். உலகப் பொது நேரத்தில் அது 0300–1100. மற்ற வேளைகளில் விமானங்கள் வழமைபோல் வந்துபோயின.

‘சி’யில் நேரத்தின் பின்னால் ‘ஈஎஸ்டி’ என்று மூன்றெழுத்து இருந்தால், முடிவு நேரம் வெறும் மதிப்பீடு. அந்த நேரம் கடந்தவுடன் அறிவித்தல் தானாகக் காலாவதியாகாது. ரத்துச் செய்தியோ புதிய நோட்டாமோ வரும்வரை அது செல்லுபடியாகும். இதைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

‘வங்காள விரிகுடாவில் இந்தியா நோட்டாம் வெளியிட்டது’ என்று செய்தி வந்தால் ஏதோ மோதல் வரப்போகிறது என்று வீட்டில் பேச்சு. உண்மையில் என்ன?
– ப. சி., கொட்டாஞ்சேனை

பயப்பட ஒன்றுமில்லை. ஏவுகணைப் பரிசோதனைக்கோ ரொக்கெட் ஏவுதலுக்கோ முன்னர், பாகங்கள் விழக்கூடிய கடற்பரப்பையும் அதன் மேலுள்ள வானையும் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கு ஒதுக்கிவைக்கச் சொல்லும் அறிவித்தல் அது. இப்படித் திட்டமிட்டவற்றுக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவித்தல் தர வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. சென்னையின் வான்பரப்பும் கொழும்பின் வான்பரப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் நமக்கும் இதில் அக்கறை உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டுகள் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலாகப் போக நேரும். அதைத் தவிர்க்கவே கடலுக்கு மேல் சுற்றி வளைந்து போகின்றன. விமானங்களுக்கோ அந்த நேரத்தில் சற்று விலகிய பாதையும், சில நிமிட மேலதிக எரிபொருளும். அவ்வளவுதான்.

பறந்துகொண்டிருக்கும்போது நிலைமை மாறினால்?
– மு. அ., தெஹிவளை

வானிலை ஆபத்துக்கு ‘சிக்மெட்’ என்ற தனி எச்சரிக்கை உண்டு. கடும் இடிமின்னல், கடும் குலுக்கல், பனிப்படிவு, எரிமலைச் சாம்பல், சூறாவளி ஆகியவற்றுக்கு வானிலை அலுவலகம் வெளியிடும். பொதுவாக நான்கு மணித்தியாலம் வரை செல்லும். சாம்பலுக்கும் சூறாவளிக்கும் ஆறு. கட்டுப்பாட்டாளர் அதை ரேடியோவில் வாசிப்பார். விமான நிறுவனமும் ‘ஏகார்ஸ்’ என்ற தரவுத் தொடர்பு முறை வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும். அது விமானி அறையில் அச்சாகி வரும். நம் வான்பரப்பில் பெரும்பகுதி கடல். உயரத்தில் பறக்கும் விமானத்துக்கும் வழக்கமான வீஎச்எஃப் ரேடியோ சுமார் 200 கடல்மைலுக்கு அப்பால் எட்டாது. அங்கே நெடுந்தூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவோ செய்மதி வழி எழுத்துச் செய்தியோதான் துணை.

இறங்கும் நிலையத்தை நெருங்கினால் ‘ஏடிஸ்’: காற்று, பார்வைத்தூரம், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை ஆகியவற்றைச் சொல்லும் பதிவுக்குரல். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஓர் ஆங்கில எழுத்துப் பெயர் உண்டு. எந்த எழுத்துப் பதிவைக் கேட்டேன் என்பதை விமானி கட்டுப்பாட்டாளரிடம் சொல்வார். பழையதைக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஏன் தவறு நடக்கிறது?
– இரா. க., பம்பலப்பிட்டி

எங்கள் கணிப்பில் இதுதான் இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி. அநேகமாகத் தகவல் இல்லாமல் தவறு நடப்பதில்லை. தகவல் மலைக்குள் தேவையான வரி புதைந்துபோவதால் நடக்கிறது.

2017 ஜூலை 7 இரவு, சான் பிரான்சிஸ்கோ. இரண்டு இணை ஓடுபாதைகளில் இடதுபக்கம் வேலைக்காக மூடி, விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. ஏர் கனடா 759 விமானிகள் வலது பாதையை இடது பாதையென்று எண்ணி, அதற்கு அடுத்திருந்த இணைப்புப் பாதையைத் தாம் இறங்க வேண்டிய வலது பாதையாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன. ஏறத்தாழ 60 அடி உயரம்வரை இறங்கிவிட்டுத்தான் மேலெழும்பினார்கள். மூடல் பற்றிய நோட்டாம் அவர்களிடம் இல்லாமல் இல்லை. 27 பக்கக் கோவையில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, நோட்டாம்களைத் தரும் முறையையே கடுமையாக விமர்சித்தது.

2000 ஒக்டோபர் 31, தாய்பெய். சூறாவளி மழையில் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 006, வேலை நடந்துகொண்டிருந்த ஓடுபாதையில் புறப்பட ஓடிக் கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். அங்கும் அறிவித்தல் வெளியாகியிருந்தது. ஆனால் அந்தப் பாதையின் தொடக்கத்தில் மூடல் அடையாளம் இருக்கவில்லை. காகிதத்தில் மூடினால் போதாது, தரையிலும் மூடிக் காட்ட வேண்டும்.

ஏற்பாடே நின்றுபோன நாளும் உண்டு. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் நோட்டாம் கணினி முடங்கி, நாடெங்கும் புறப்பாடுகள் சுமார் ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தப்பட்டன. ஒப்பந்தப் பணியாளர்கள் தரவுத்தளத்தில் தவறுதலாகக் கோப்புகளை அழித்ததே காரணம்.

காலிமுகத்திடலில் பட்டம் விட்டால் நோட்டாம் போடுவார்களா?
– ஒரு மாணவர், கொழும்பு 13

ஒரு பட்டத்துக்குப் போட முடியாது. எப்போது எங்கே ஏறும் என்று முன்கூட்டித் தெரியாதே. அதனால்தான் சட்டத்தால் தடுக்கிறார்கள்: விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீற்றருக்குள் 300 அடிக்கு மேல் பட்டம் ஏற்றக்கூடாது. ஹெலிகொப்டரின் வால் சுழலியில் நூல் சுற்றினால் மீள்வது கடினம். ட்ரோன் என்றால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். உயரமான பாரந்தூக்கி நிறுத்துவதானாலும், தாமரைக் கோபுரம் போன்ற உயர் கட்டடத்தின் சிவப்பு விளக்கு அணைந்தாலும், உடனே அறிவிக்க வேண்டும். அவற்றுக்கு நிச்சயம் நோட்டாம் உண்டு.

இரத்மலானையில் பறக்கப் பயில்கிறேன். கோவையை எந்த ஒழுங்கில் வாசிப்பது நல்லது?
– த. வி., கல்கிசை

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கதைபோல் வாசிக்காதீர்கள். முதலில் உங்கள் புறப்பாட்டு, வருகை நேரங்களை உலகப் பொது நேரத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இறங்கும் நிலையம்: ஓடுபாதை, விளக்குகள், இறங்கு வழிகாட்டிக் கருவி. அடுத்து புறப்படும் நிலையம், மாற்று நிலையம், கடைசியாகப் பாதையிலுள்ள தடைப் பகுதிகள். உங்கள் நேரத்துக்குள் வருவதை மட்டும் வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். மூடிய இணைப்புப் பாதையை நிலைய வரைபடத்தில் குறுக்கே அடித்துவிடுங்கள். இருட்டில் நினைவை நம்பக்கூடாது.

நிரந்தர மாற்றங்களை நோட்டாமில் மட்டும் தேட வேண்டாம். அவை 28 நாளுக்கொருமுறை வரும் வெளியீட்டுச் சுழற்சியில் நாட்டின் விமானத் தகவல் நூலிலும் வரைபடத்திலும் ஏறும். மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக மாற்றங்கள் துணை வெளியீடாக வரும். காலாவதியான வரைபடத்தோடு பறந்தால் நோட்டாம் உங்களைக் காப்பாற்றாது.

கோவையின் தலைப்பில் அச்சான நேரம் இருக்கும். அதற்குப் பின் வெளியான எதுவும் அதில் இல்லை. புறப்பாடு ஒரு மணித்தியாலம் தாமதித்தால் புதிதாக எடுங்கள். எடுக்க வழியில்லையென்றால் எஞ்சினை இயக்குமுன் கோபுரத்திடம் கேளுங்கள்.